மயில்சாமியின் கதாயுதம்

காட்சியகங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கதையைப் படித்துவிட்டுக் காட்சியகக்காரர் யாராவது வீடு தேடி வந்து, எங்கள் அம்மிக்கல்லின் முதுகில் சிவப்பு மையில் நம்பர் போட்டுவிட்டால், அப்புறம் சட்னிக்கு நான் யாரிடம் மனுக் கொடுப்பது? மயில்சாமிக்கு நடந்தது எனக்கும் நடக்கலாம். உங்களுக்கும் நடக்கலாம். கனமான இரும்புச் சாமானைத் தூக்கிக்கொண்டு எந்தக் காட்சியகத்துக்குள்ளும் தண்ணீர் குடிக்கப் போகாதீர்கள்.

மயில்சாமி திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரில்லர். ரிக் வண்டி என்றால் லாரியின் முதுகில் உயரமான இரும்புச் சட்டத்தை நிறுத்தி, பாறையைத் துளைத்துப் போர் போடுகிற வண்டி. எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம் அது புதுச்சத்திரத்துக்குத் தெற்கே கல்லாங்காட்டுப்புதூரில் நின்றிருந்தது. அந்தப் பக்கம் சரியான மழை பெய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊர்க்கிணற்றில் தவளைகூடக் கிடையாது. பெண்கள் இரண்டு மைல் நடந்துபோய், ஒரு தோட்டத்துக்காரர் கிணற்றில், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். ஊர்ப் பொதுவில் போர் போட ஆரம்பித்தபோது எல்லோரும் சூடம் கொளுத்திக் கும்பிட்டார்கள். இருநூற்றுப் பத்தாவது அடியில் கருங்கல் குறுக்கே படுத்துக்கொண்டது. பிட் மழுங்கிவிட்டது.

பிட் என்பது ராடின் முனையில் மாட்டுகிற இரும்புத் தலை. பாறையை இடித்துப் பொடியாக்குவது அதுதான். பத்துக் கிலோ கனம், முகம் முழுக்கக் குமிழ் குமிழாகப் பற்கள். அந்த வண்டிக்கு இருந்தது ஒரே பிட். புதிதாக வேண்டுமென்றால் பம்பாய்க்கு எழுதிப்போட்டு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே வண்டி முதலாளி செங்கோட்டையன், அயோத்தியாப்பட்டணத்தில் உள்ள பட்டறையில் அதற்குச் சாணை பிடித்துக்கொண்டு வரச்சொல்லி மயில்சாமியை அனுப்பினார்.

பிட்டைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக் கிளம்பும்போது வசந்தாமணி எதிரே வந்தாள். தண்ணீருக்குப் போகிற பெண்களில் முன்னால் நடப்பவள் அவள்தான். தோட்டத்துக்காரரோடு சண்டை போடுகிற வேலையும் அவளுடையதுதான்.

"சாமி, நாளைக்கித் தண்ணி வந்துருமுங்களா?"

"பிட்டு வந்துட்டாத் தண்ணி வந்துருமுங்க."

"அப்ப வெரசா வந்துருங்க. எனக்கு இடுப்பே இல்லாமப் போச்சு."

பட்டறையில் உச்சிப்பொழுதுக்குள் வேலை முடிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நிறுத்தத்துக்கு எதிரே, பழைய நெல் கிடங்கு ஒன்றில் ஒரு போர்டு தொங்கியது: 'வட்டார வரலாற்றுக் காட்சியகம். அனுமதி இலவசம். குடிநீர் உண்டு.' நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான்.

வாசலில் உட்கார்ந்திருந்த காவலர் சென்றாயன் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"பிட்டுங்க. பாறை ஒடைக்கறதுங்க."

"ஒடைக்கிற சாமானெல்லாம் உள்ள போவக் கூடாது. இங்க வச்சுட்டுப் போ." ஏழு என்று எழுதிய தகர வில்லை ஒன்றைக் கொடுத்தார்.

உள்ளே ஒரு பெரிய பானை இருந்தது. பக்கத்தில் சொம்பு. மயில்சாமி ஆவலோடு குனிந்தபோது சீட்டு கண்ணில் பட்டது: 'பண்டைக் காலக் குடிநீர்ப் பானை. தொடாதீர்கள்.' உண்மையான குடிநீர்ப் பானை புறக்கடையில் இருந்தது. அது காலி. மாநாட்டுக்குத் தண்ணீர் லாரி வரும்போதுதான் நிரப்புவார்களாம். மாநாட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வறண்ட வாயோடு திரும்பி வந்தால் வாசலில் சாக்கு மட்டும் கிடந்தது.

"எங்கீங்க என்ற பிட்டு?"

சென்றாயன் உத்தரத்தைப் பார்த்தார். "ஏறிடுச்சு."

"எதுலீங்க? பஸ்ஸுலயா?"

"பதிவேட்டுல."

இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். வரலாற்றுக் காட்சியகப் பணியாளர்களின் மண்டல மாநாடு வருஷத்துக்கு ஒருமுறை கூடும். அந்த வருஷம் முறை அயோத்தியாப்பட்டணத்துக்கு வந்திருந்தது. மாநாட்டில் ஒவ்வொரு காட்சியகமும் 'இவ்வாண்டின் புதிய சேர்க்கை' என்று ஒரு பொருளைக் காட்ட வேண்டும். அயோத்தியாப்பட்டணத்தில் ஏழு வருஷமாகப் புதிதாக எதுவும் சேரவில்லை. முந்தின மாநாட்டில் காப்பாட்சியர் முனைவர் தீர்த்தகிரி, அதற்கு முந்தின வருஷம் காட்டிய விளக்கையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மணி என்று காட்டினார். மேற்கு வட்டாரக் காட்சியகத்துக்காரர் எல்லோர் முன்னிலையிலும் அதில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து தீர்த்தகிரி யாரையும் நம்புவதில்லை. இந்த வருஷ அழைப்பிதழில் 'அரியதோர் உலோகப் பொருள்' என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டார். பொருள்தான் இன்னும் கிடைக்கவில்லை. வாசலில் யார் எந்த உலோகச் சாமானை வைத்தாலும் உடனே உள்ளே கொண்டுவரச் சொல்லிச் சென்றாயனுக்கு உத்தரவு. மூன்று வாரத்தில் ஒரு சைக்கிள் பம்ப்பும் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் உள்ளே போய்வந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் சத்தமாகக் கத்தத் தெரிந்தவர்கள்.

மயில்சாமி அறைக்குள் நுழைந்தபோது பிட் சிவப்பு வெல்வெட் துணிமேல் உட்கார்ந்திருந்தது. அதன் இடுப்பில் வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன்மேல் சிவப்பில் 412 என்று எழுதியிருந்தார்கள். மை இன்னும் காயவில்லை.

"ஏனுங்க, இது என்றதுங்க."

தீர்த்தகிரி எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "யார் அனுப்பினார்கள் உங்களை? மேற்கு வட்டாரமா?"

"செங்கோட்டையன் அனுப்பிச்சாருங்க."

"அவர் எந்தக் காட்சியகம்?"

"ரிக்கு வண்டிங்க."

தீர்த்தகிரி ஒரு தாளில் 'ரிக்கு வண்டி' என்று எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டார். அப்படி ஒரு போட்டி நிறுவனம் இயங்கிவருவது அதுவரை அவருக்குத் தெரியாது.

"இது உங்களுடையது என்கிறீர்கள். அப்படியானால் ஒரு தொல்பொருளைப் பதிவு செய்யாமல் கைவசம் வைத்திருந்திருக்கிறீர்கள். சட்டப்படி குற்றம்."

"தொல்பொருளெல்லாம் இல்லீங்க. போன ஆடியில வாங்குனது."

"அப்படியானால் போலியான தொல்பொருளை ஒரு காட்சியகத்தின் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். அது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டில் எதை எழுதிக்கொள்ளட்டும்?"

மயில்சாமி யோசித்தான். "தண்ணி தாகமா இருக்குதுங்க. அதை எழுதிக்குங்க."

தீர்த்தகிரி சிரிக்கவில்லை. மாநாடு முடியும்வரை சிரிப்பதில்லை என்பது அவர் வழக்கம். "தம்பி, நான் மனிதாபிமானம் இல்லாதவன் அல்ல. ஆனால் பதிவேட்டில் ஏறிய பொருள் இறங்காது. இறக்குகிற அதிகாரம் பொருள் நீக்கக் குழுவுக்கு மட்டுமே உண்டு. குழு ஆண்டு மாநாட்டில் மட்டுமே கூடும். மூன்றாம் நாள், மாலை மூன்றே முக்கால் மணி. மூன்று பிரதிகளில் மனுக் கொடுங்கள். மனுவில் பொருளின் பெயரைக் கதாயுதத்தின் தலை என்றே குறிப்பிடவேண்டும். வேறு பெயர் போட்டால் அது வேறு பொருளாகிவிடும்."

அன்று சாயங்காலம் வெறுங்கையோடு புதூர் போய்ச் சேர்ந்தான். வண்டியைச் சுற்றி நின்ற பெண்கள் அவன் தோளைப் பார்த்தார்கள். அதில் சாக்கு இல்லை. நடந்ததை அவன் சொல்லி முடித்தபோது வசந்தாமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த மாநாட்டுல குடத்துக்குத் தண்ணி ஊத்துவாங்களா?"

செங்கோட்டையன் நம்பவில்லை. பிட்டை விற்றுவிட்டான் என்றே நினைத்தார். மறுநாள் இரண்டு லாரிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, மயில்சாமியையும் இழுத்துக்கொண்டு, காட்சியகத்துக்கே வந்தார். தீர்த்தகிரி அவர்களை அன்போடு வரவேற்றுப் பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த மாதத்துப் பார்வையாளர் எண்ணிக்கை அத்தோடு நான்கு ஆயிற்று. செங்கோட்டையன் கோபத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "இன்னும் அரை மணி நேரத்துல எனக்கு எம் பிட்டு வேணும்" என்றார். தீர்த்தகிரி கடிகாரத்தையே பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். செங்கோட்டையன் அதை அவசரமாகத் திரும்பக் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நின்று மயில்சாமியிடம் சொன்னார்: "பம்பாய்க்கு எழுதிப் போட்டுட்டேன். அந்தப் பிட்டு வந்துச்சுன்னா வண்டி நேரா எடப்பாடிக்குத்தான் போகும். அங்க ஏற்கெனவே வாக்குக் குடுத்துட்டேன். இந்தப் போரு பாதிலயே கெடக்கட்டும். முடிக்கோணும்னா அதுக்குள்ளாற நீ அந்த எழவைக் கொண்டாந்து சேத்து."

ஆக, மண்டலத்தின் காட்சியகப் பணியாளர்கள் அத்தனை பேரையும்விட ஆவலாக அந்த மாநாட்டை எதிர்பார்த்தவன் மயில்சாமிதான். காட்சியகத்தின் முன்வாசலிலேயே தங்கிவிட்டான். பிட் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தது. அது கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவர்கள் அதை ராத்திரியோடு ராத்திரியாக வேறு எதற்காவது மாற்றிவிடுவார்களோ என்று அவனுக்குச் சந்தேகம். அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்று சென்றாயனுக்குச் சந்தேகம். சென்றாயன் மேற்கு வட்டாரத்துக்குத் தகவல் சொல்கிறாரோ என்று தீர்த்தகிரிக்குச் சந்தேகம். தட்டச்சு செய்கிற அம்மாள் மெஷினுக்குமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, தான் என்ன அடிக்கிறோம் என்று தனக்கே தெரியாதபடி அடித்தார். தீர்த்தகிரியின் ஆய்வுக் கட்டுரையின் கார்பன் தாள்கள் தினமும் புறக்கடையில் எரிக்கப்பட்டன. சாம்பல் ஆறும்வரை அவர் பக்கத்தில் நின்றார். ஒருநாள் காற்றில் ஒரு கருகின துண்டு பறந்து மயில்சாமியின் மடியில் விழுந்தது. அதில் 'எனவே' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. தீர்த்தகிரி ஓடிவந்து அதையும் பிடுங்கிக்கொண்டார்.

மற்றபடி எல்லோரும் உற்சாகமாகவே இருந்தார்கள். மாநாடு என்றால் ஆளுக்கொரு ரெக்சின் பை உண்டு. குழுப் புகைப்படம் உண்டு. கடைசி நாள் ஏற்காடு உண்டு. வரலாற்றைக் காப்பாற்றுகிறவர்களுக்கு இந்த மூன்றும்கூட இல்லாவிட்டால் எதற்காகக் காப்பாற்றுவது என்று அந்தத் தட்டச்சு அம்மாள் கேட்டது எனக்கு நியாயமாகவே படுகிறது. மயில்சாமிக்குப் பொழுது போகவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு பழைய போர்டு இருந்தது. அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். 'காட்சியகம் என்றால் என்ன? பாதுகாக்க ஒரு பொருள், பதிந்துவைக்க ஒரு பதிவேடு, பார்த்துச்செல்ல மக்கள். இம்மூன்றும் உள்ள இடமே காட்சியகம்.' ஒன்பது நாளில் மக்கள் என்று அங்கே வந்தது ஒரு ஆடு மட்டும்தான்.

மாநாடு தொடங்கியது. பிரதிநிதிகள் மார்பில் பெயர்ச்சீட்டைக் குத்திக்கொண்டார்கள். மயில்சாமிக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதில் 'தகவலாளர்' என்று இருந்தது. சீட்டு இல்லாவிட்டால் கூட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் குத்திக்கொண்டான். மாநாட்டுத் தலைவர், காதில் முடி வளர்ந்த ஒரு பெரியவர், ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே! சென்ற மாநாட்டில் நாம் பதினேழு தீர்மானங்கள் நிறைவேற்றினோம். அவற்றுள் பதினாறு, இந்த மாநாட்டை நடத்துவது பற்றியவை. அவை முழு வெற்றி பெற்றன என்பதற்கு நாம் இங்கே கூடியிருப்பதே சான்று. பதினேழாவது தீர்மானம், நமது காட்சியகங்களின் கூரை ஒழுகுவது பற்றியது. மழை பொய்த்துவிட்டதால் அதுவும் தானாகவே நிறைவேறிவிட்டது."

பலத்த கைதட்டல்.

"காட்சியகத்தின் முதல் பகைவர் யார்? கரையானா? கள்வனா? இல்லை. பார்வையாளர். அவர் மூச்சு விடுகிறார். அதில் ஈரப்பதம் இருக்கிறது. விரலால் தொடுகிறார். அதில் வியர்வை இருக்கிறது. போதாக்குறைக்குக் கேள்வி கேட்கிறார். பார்வையாளர் வராத காட்சியகத்தில்தான் பொருள்கள் நீண்டகாலம் நிலைக்கின்றன. இந்த வகையில் நமது மண்டலத்தை யாரும் நெருங்க முடியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

இரண்டாம் நாள் தீர்த்தகிரி கட்டுரை படித்தார். பிட்டை இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு குறுநில மன்னனின் கதாயுதத்தின் தலை என்று நிறுவினார். அதன் குமிழ்களை எண்ணி, அவை மன்னன் வென்ற ஊர்களின் எண்ணிக்கை என்றார். அப்போது மேற்கு வட்டாரத்துக்காரர் எழுந்தார். ஒரு வருஷமாக இந்த நிமிஷத்துக்காகக் காத்திருந்தவர் அவர். பூதக்கண்ணாடியோடு மேடைக்கு வந்து பிட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இதில் எழுத்து இருக்கிறது! மேட் இன் ஸ்வீடன் என்று இருக்கிறது!"

மயில்சாமிக்கு உயிர் வந்தது. அத்தோடு விஷயம் முடிந்தது, சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றே நினைத்தான்.

தீர்த்தகிரி தண்ணீர் டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது. கீழே வைத்தார். "நான் சொல்ல வந்ததும் அதுவே. நம் முன்னோர்கள் ஸ்வீடன் தேசத்தோடு கடல் வணிகம் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே முதல் கல்வெட்டு ஆதாரம். படித்துச் சொன்ன நண்பருக்கு நன்றி. தகவலாளரே கூறட்டும். இது எந்த வழியாக வந்தது?"

மயில்சாமி பொய் சொல்லிப் பழகாதவன். "பம்பாய் வழியா வந்துச்சுங்க."

"பார்த்தீர்களா? மேற்குக் கடற்கரைத் துறைமுகம்! பிறகு?"

"அப்பறம் லாரியிலீங்க."

"தரைவழி வணிகச் சாத்து!" என்று கூவினார் தீர்த்தகிரி. நாற்பத்திரண்டு பேனாக்கள் அதைக் குறித்துக்கொண்டன. மேற்கு வட்டாரத்துக்காரர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, தன் ரெக்சின் பையைப் பல்லால் கடித்தார்.

மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வரவில்லை. உச்சிக்குள் பிரதிநிதிகள் எல்லோரும் பஸ் ஏறி ஏற்காட்டுக்குப் போய்விட்டார்கள். மூன்றே முக்கால் மணிக்குப் பொருள் நீக்கக் குழு கூடியபோது அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் இருந்தார், மலை வளைவுகளில் அவருக்கு வாந்தி வரும். தீர்த்தகிரி இருந்தார், கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரமாட்டார். மேற்கு வட்டாரத்துக்காரர் இருந்தார், தீர்த்தகிரியை விட்டு நகரமாட்டார். தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"நீக்கத்துக்கு ஐவர் வேண்டும். நாம் மூவர் இருக்கிறோம். ஆகவே குழு அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு ஒத்திவைக்கப்படுகிறது."

மணி மூன்று நாற்பத்தேழு.

மயில்சாமி அழுதுவிட்டான். முப்பத்தைந்து வயது ஆள், பத்து வருஷமாகக் கருங்கல்லோடு மல்லுக்கட்டுகிறவன், வெட்கப்படாமல் அழுதான். "அடுத்த வருசமுங்களா? அங்க பொம்பளைங்கெல்லாம் குடத்தெ வெச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கறாங்க. பிட்டு வந்தாத் தண்ணி வரும்னு நாஞ் சொல்லிப்போட்டு வந்தனுங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் திரும்பிப் போறது?"

"கொஞ்சம் தள்ளி நின்று அழுங்கள்" என்றார் தலைவர், இரக்கத்தோடு. "கண்ணீரில் ஈரப்பதம் இருக்கிறது. பொருளுக்கு ஆகாது." பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. "நீக்கத்தான் முடியாதே தவிர, இரவல் தர விதி உண்டு. அதற்கு மூவர் போதும். ஆனால் ஒரு காட்சியகம் இன்னொரு காட்சியகத்துக்கு மட்டுமே இரவல் தரலாம்."

மயில்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒன்பது நாளாகப் படித்த போர்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"ஏனுங்க, ஒரு பொருளு, ஒரு பதிவேடு, பாக்க வார சனம். இது மூணும் இருந்தாக் காட்சியகமுங்களா?"

"அதுதான் விதி."

"பொருளு நீங்க குடுக்கறதுங்க. பதிவேடு கடையில வாங்கிக்கலாமுங்க. சனம்னு பாத்தீங்கன்னா, எங்க ரிக்கு வண்டி ஓட ஆரம்பிச்சா ஊரே வந்து சுத்தி நிக்குமுங்க. சோத்துக்குக்கூட ஊட்டுக்குப் போகமாட்டாங்க. நான் இங்க குத்தவெச்சு ஒம்போது நாளாப் பாத்தனுங்க. உங்களுக்கு வந்தது ஒரு ஆடு."

தலைவர் தன் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தார். அதில் 'இவ்வாண்டு தொடங்கப்பட்ட புதிய காட்சியகங்கள்' என்ற தலைப்பின்கீழ் ஒன்றும் எழுதாமல் இடம் விட்டிருந்தது. மேற்கு வட்டாரத்துக்காரர், பிட் தீர்த்தகிரியின் கையைவிட்டுப் போகும் என்றால் எதற்கும் சம்மதம் என்றார். தீர்த்தகிரி மட்டும் மறுத்தார். 'நிறுவனர்' என்று அவர் பெயரையே போடுவதாகத் தலைவர் சொன்னதும் அவர் பேனாவைத் திறந்தார். அரை மணி நேரத்தில் 'நடமாடும் வரலாற்றுக் காட்சியகம்' பிறந்தது. மயில்சாமி அதன் பொறுப்புக் காப்பாட்சியர் ஆனான். ஒரு பதிவேடும் ரப்பர் முத்திரையும் கொடுத்தார்கள். நிபந்தனைகள் இரண்டு. பொருளின் விளக்கச் சீட்டை வண்டியில் எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். காட்சியகத்துக்குக் கிடைக்கும் எதையும் தவறாமல் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

மறுநாள் காலை ரிக் வண்டியின் சட்டத்தில் 'குறுநில மன்னனின் கதாயுதம், ஸ்வீடன் வணிகம், தொடாதீர்கள்' என்ற சீட்டு ஆடிக்கொண்டிருக்க, கதாயுதம் கருங்கல்லில் இறங்கியது. ஊரே சுற்றி நின்றது. இருநூற்று இருபது, முப்பது, நாற்பது. வெள்ளை வெள்ளையாகப் புழுதிதான் வந்தது. செங்கோட்டையன் தலையில் கையை வைத்துக்கொண்டார். இருநூற்று அறுபத்தைந்தாவது அடியில் புழுதி நின்றது. ஒரு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். சட்டத்தின் உச்சிவரை பீறிட்டு அடித்து எல்லோர் தலையிலும் கொட்டியது. பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், குலவை போட்டார்கள். வசந்தாமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி அப்படியே நின்றாள். மயில்சாமியின் ஆயுசில் அதற்கு ஈடான சந்தோஷம் வேறு ஒன்று இல்லை. பிட் பத்திரமாக மேலே வந்தது. நம்பர் மட்டும் அழிந்துபோயிருந்தது.

செங்கோட்டையன் வண்டியை எடப்பாடிக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் பங்குனி வெயிலில், புதுச்சத்திரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி இரண்டு மைல் நடந்து, தீர்த்தகிரி ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். உதடு வெடித்திருந்தது. வந்ததும் பிட்டைத்தான் பார்த்தார்.

"பொருள் தேய்ந்திருக்கிறதே!"

"ரெண்டாயிரம் வருசத்துச் சாமானுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. தேயாமயா இருக்கும்?"

தீர்த்தகிரி உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தார். நாக்கிலும் ஈரம் இல்லை. பக்கத்திலேயே புதிதாக மாட்டிய கைப்பம்பில் பெண்கள் குடம் குடமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

மயில்சாமி மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தான். "தாராளமாக் குடுக்கலாமுங்க. ஆனா, கெடைக்கறதையெல்லாம் ஏத்தோணும்னு நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. ஏத்திப்போட்டனுங்க. பாருங்க. பதிவு எண் ஒண்ணு, தண்ணி."

"அதனால் என்ன?"

"ஏறுனது எறங்காதுங்களே. நீக்கக் குழு கூடோணுமுங்க. அஞ்சு பேரு. அடுத்த வருசம் மாசியிலதான் மாநாடு. நீங்க மூணு பிரதில மனுக் குடுத்துட்டுப் போங்க."

தீர்த்தகிரி குடங்களைக் காட்டினார். "அவர்கள் எடுக்கிறார்களே?"

"அவிங்க பார்வையாளருங்க. பாத்துட்டுப் போறாங்க."

தீர்த்தகிரி சட்டைப்பையில் கைவிட்டார். உண்மையாகவே பேனாவைத்தான் தேடினார். மனு எழுதத் தொடங்கிவிட்ட அந்த மனிதரைப் பார்த்து மயில்சாமிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் வசந்தாமணி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர்.

"உங்க ரெண்டு பேரு நோட்டையும் அக்கட்டால வெய்யிங்க. தாகம்னு வந்தவிங்களுக்குத் தண்ணி குடுக்க மாநாடு என்னத்துக்கு? ஐயா, நீங்க குடிங்க."

தீர்த்தகிரி வாங்கிக் குடித்தார். அண்ணாந்து, கண்ணை மூடி, சட்டையெல்லாம் வழிய, சொம்பு காலியாகும்வரை குடித்தார். குடித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. மாநாட்டுக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு காலிச் சொம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பக்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். விரலால் தடவினார்.

"அம்மா, இது உங்கள் வீட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது?"

வசந்தாமணி சொம்பை வெடுக்கென்று பிடுங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "போன நோம்பிக்குச் சந்தையில வாங்குனதுங்க" என்றாள். மற்ற பெண்களும் தங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்கள்.